தேசம்மாவின் குரலில் போன வண்டி

பச்சைப் பெட்டி

திருவொற்றியூரில் எங்கள் வார்டு அலுவலக வாசலில் அந்தப் பெட்டியை வைத்த முதல் நாள், பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். இடுப்பு உயர இரும்புப் பெட்டி. பச்சை பெயின்ட். மேலே தபால் பெட்டி மாதிரி ஒரு வாய். ‘மின்னணுக் கழிவுகளை இங்கே போடவும்’ என்று வெள்ளை எழுத்து. வீடுகளில் கெட்டுப்போய்க் கிடக்கும் டிவி, போன், சார்ஜர், மிக்ஸி, பேட்டரி எல்லாவற்றையும் குப்பையோடு கலக்காமல் தனியாக வாங்கி, உரிமம் உள்ள ஆலைக்கு அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் பகுதியில் அதைத் தொடங்கும் வேலை சானிட்டரி இன்ஸ்பெக்டரான எனக்கு வந்தது.

சாயங்காலம் பெட்டியைத் திறந்தேன். ஓர் இளநீர்க் கூடு, கோயில் பிரசாதத் தொன்னை, அறுந்த செருப்பு. கரன்ட் சாமான் என்று சொல்ல ஒரே ஒரு கால்குலேட்டர். அதைப் போட்டவரும் மறுநாள் வந்து, இன்னொரு தடவை பேட்டரி மாற்றிப் பார்க்கிறேன் என்று திருப்பி வாங்கிப் போனார். டிவி கொண்டுவந்த ஒருவர் பெட்டியின் வாயைப் பார்த்துவிட்டு, தன் டிவியைப் பார்த்துவிட்டு, வந்த ரிக்‌ஷாவிலேயே திரும்பிவிட்டார்.

எனக்கு இது வெறும் உத்தரவாக இல்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன்னால்தான், குப்பை லாரியில் அழுத்தும்போது யாரோ போட்டிருந்த வீங்கிய போன் பேட்டரி ஒன்று பற்றிக்கொண்டது. என்னிடம் வேலை பார்த்த அஞ்சலை அதைக் கையால் இழுத்து வெளியே போட்டார். இன்றும் அந்தக் கை சோறு பிசைய மடங்குவதில்லை. கரண்டியால்தான் சாப்பிடுகிறார். அது தவிர, ரயில் பாதை ஓரக் காலி மனைகளில் செம்புக்காக வயரைக் கொளுத்துவார்கள். காற்று திரும்பினால் அந்தக் கறுப்புப் புகை குப்பத்து வீடுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மணலிப் பக்கத்து ஆலைகளின் நெடி ஏற்கெனவே உண்டு. இது அதற்கும் மேலே.

அசிஸ்டன்ட் இன்ஜினீயர் சின்ன வயதுக்காரர், நல்லவர். பெட்டி இப்படியே காலியாகக் கிடந்தால் இந்தத் திட்டத்தை வேறு மண்டலத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்று வருத்தத்தோடு சொன்னார். ஜனங்கள் பெட்டியைத் தேடி வரமாட்டார்கள், பெட்டிதான் போக வேண்டும், ஒரு வண்டி கொடுங்கள் என்று கேட்டேன். தெருக் குப்பை அள்ளும் பேட்டரி வண்டியில் ஒன்றையும், ஓட்டுவதற்குப் பாபுவையும் கொடுத்தார். பாபு அதிகம் பேசாத மனிதர். எவ்வளவு குறுகலான சந்திலும் வண்டியைத் திருப்பிவிடுவார்.

யாருகிட்ட பேசணும்

வண்டியின் தலையில் ஒரு குழாய் ஸ்பீக்கர் கட்டினோம். அலுவலகத்திலிருந்து ஓர் ஒலிப்பதிவு வந்தது. ‘அன்பார்ந்த பொதுமக்களே’ என்று ஆரம்பித்து, ஒரு பெண் குரல் செய்தி வாசிப்பதுபோல் வாசித்தது. அதைப் போட்டுக்கொண்டு கடலோரக் குப்பத்தைச் சுற்றினோம். கதவுகள் திறக்கவில்லை. சில வீடுகளில் அவசரமாகக் குடத்தில் தண்ணீர் பிடித்தார்கள், மோட்டார் போட்டார்கள். ஏன் என்று புரியாமலே வந்தேன்.

தெருமுனையில் மீன் விற்கும் தேசம்மாதான் வண்டியை நிறுத்தினார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். கல்மண்டபத்தில் மளிகைக் கடை வைத்திருந்த தெற்கத்திக் குடும்பம் என்னுடையது, குப்பத்துக்கு நான் வெளியாள். ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த காலம் முதல் அவரிடம்தான் மீன் வாங்குவேன். குப்பத்தில் என்னை ‘எஸ்.ஐ. அம்மா’ என்பார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸ் என்று நினைத்துக் கதவைச் சாத்துவதும் உண்டு.

“இன்னா எஸ்.ஐ. அம்மா, நாளைக்கி எத்தினி மணிக்கி கரன்ட் கட்டு?” என்று கேட்டார்.

கரன்ட் கட் இல்லை, பழைய டிவி, போன் வாங்குகிற வண்டி என்றேன். தேசம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கரன்ட் ஆபீஸ் வண்டி என்று தெருவே மோட்டார் போட்டுக்கொண்டிருக்கிறது என்றார்.

அவர் சிரிப்பு அடங்குவதற்குள் எனக்கு யோசனை வந்துவிட்டது. தேசம்மாவின் குரல் கனமானது இல்லை. கத்தவும் மாட்டார். ஆனால் அவர் ஒரு தடவை வஞ்சிரம் என்று சொன்னால், நாலு தெரு தள்ளி மாடியில் துணி காயப்போடுகிறவள் கை நின்றுவிடும். கடல் காற்றோடு சேர்ந்து வந்து, காதுக்குப் பக்கத்தில் நின்று பேசுகிற குரல் அது.

மீன் விற்றுத் தீர்ந்த ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கக் கதவைத் திறந்தால் கருங்கல் தடுப்பு, அதற்கப்பால் கடல். அலை சத்தம் வீட்டுக்குள் வந்து வந்து போனது. போனில் ஒலிப்பதிவை ஆன் செய்து அவர் முன்னால் நீட்டினேன்.

“யாருகிட்ட பேசணும்?” என்றார்.

தெருவில் உள்ள எல்லோரிடமும் என்றேன்.

“எல்லார்கிட்டயும் எப்பிடிப் பேசறது? ஒரு ஆளச் சொல்லு.”

என்னிடமே பேசுங்கள் என்றேன். என் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒரு டிவி உண்டு. என் வீட்டுக்காரர் இருந்தவரை ஓடியது. அவர் போன பிறகு ஒரு மழைக்காலத்தில் நின்றுபோனது. அதை எடுத்து வெளியே வைக்க எனக்கும் மனம் வரவில்லை. இதைச் சொன்னதும் தேசம்மா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பேசினார்.

“யம்மா, வூட்டுல செத்துப்போன டிவி கீதா? வாய் கட்டிப்போன ரேடியோ கீதா? வவுறு உப்பின போனு கீதா? அத்தக் கட்டிலுக்கு அடியில வெச்சிகினு இன்னா பண்ணப் போற? எடுத்தாந்து குடு. கொளுத்தாத, பொக நம்ம வூட்டுக்குள்ளதான் வரும். கடல்ல போடாத, அது நம்ம சோத்துல வரும். பத்திரமா எடுத்துகினு போறோம், குடு.”

ஒரே மூச்சில் சொன்னார். திருத்த ஒன்றுமில்லை. அன்று வீட்டுக்குப் போய் டிவியைத் துடைத்து வெளியே எடுத்தேன். வண்டியில் முதலில் ஏறியது அதுதான்.

கைகளில் வந்தவை

அந்தக் குரலோடு நாங்கள் போன முதல் சாயங்காலத்தை நான் நேரில் பார்த்தேனா, மத்தியானத் தூக்கத்தில் கண்டேனா என்று இப்போதும் சில சமயம் சந்தேகம் வரும். வெயில் இறங்கியிருந்தது. உப்பு கலந்த மூட்டம் தெருவின் முனையை மறைத்திருந்தது. பாபு வண்டியை நடக்கிற வேகத்தில் விட்டார். தேசம்மாவின் குரல் எங்களுக்கு முன்னால் போய், வீடு வீடாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது. அதற்கு அடியில், ஒலிப்பதிவில் சேர்ந்துகொண்ட அலை சத்தம். தெருவுக்குள்ளேயே கடல் நடந்து வருவதுபோல் இருந்தது.

கதவுகள் திறந்தன. பெண்கள் டிவியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள், தூங்குகிற பிள்ளையைக் கொண்டுவருகிற மாதிரி, படியைக் காலால் தேடி இறங்கி. ஒருவர் டிவி மேலிருந்த சாமிப் படத்தை எடுத்துக் கணவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். கடலுக்குப் போவதை விட்டுவிட்ட ஒரு பெரியவர் படகு வயர்லெஸ் செட்டைக் கொண்டுவந்தார். கொடுப்பதற்கு முன் அதன் மைக்கைப் பிடித்து, கரையில் இருப்பவர்களிடம் சொல்வதுபோல் ஒரு வார்த்தை சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. யாரும் அவசரப்படவில்லை. தெரு முழுக்க ஓர் அமைதி, அந்த அமைதிக்கு நடுவில் அந்தக் குரல்.

வேலை என்று பார்த்தால் கவனம் தேவை. வீங்கிய பேட்டரியைக் குத்தக் கூடாது, அழுத்தக் கூடாது. மணல் வாளியில் தனியாக வைக்க வேண்டும். மற்ற பேட்டரிகளின் முனையில் டேப் ஒட்ட வேண்டும். பழைய பிக்சர் டியூப் டிவியை வண்டியில் முகம் கீழே இருக்கும்படி சாக்கின் மேல் படுக்க வைக்க வேண்டும், பின்கழுத்து உடைந்தால் உள்ளே இருக்கும் தூசி ஆகாது. போன் கொடுக்கத் தயங்கினால் போட்டோவுக்குப் பயப்படுகிறார்கள் என்று அர்த்தம். அழிக்கத் தெரிந்த ஆளை வண்டியிலேயே வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அஞ்சலைதான் பார்த்துக்கொண்டார். அந்தக் கை மடங்காவிட்டாலும் டேப் ஒட்டுவதற்குப் போதுமாக இருந்தது.

வாங்கியதை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு பழைய கிடங்கில் வைத்தோம். லாரி வரும்வரை டிவிகள் முகத்தை வெளியே காட்டி வரிசையாக நிற்கும். சாயங்காலம் கதவைத் திறந்தால் மேற்கு வெளிச்சம் அத்தனை திரைகளிலும் விழும். கும்மிடிப்பூண்டி ரயில் போகும்போது, எல்லாத் திரைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு சின்ன ரயில் போகும். அணைந்துபோன டிவிகள் கடைசியாக ஒரு படம் காட்டுகின்றன என்று அஞ்சலை சொல்வார். வேலை இல்லாத நாளிலும் நாங்கள் அதைப் பார்க்கப் போனதுண்டு.

குரல் பரவியது. எங்களுக்கும் வேண்டும் என்று இராயபுரத்தில் கேட்டார்கள், எண்ணூரில் கேட்டார்கள். அங்கும் வண்டிகள் விட்டோம். மணலி புதுநகரில் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மேசை போட்டோம். மீன் மார்க்கெட் வாசலில் ஒரு நிலையான இடம் கிடைத்தது. காயலான் கடைக்காரர்கள் முதலில் முறைத்தார்கள். பிறகு இரும்பும் செம்பும் அவர்களுக்கு, சர்க்யூட் போர்டும் டியூபும் பேட்டரியும் எங்களுக்கு என்று பேசி முடித்தோம். ரயில் பாதை ஓரத்தில் புகை குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது. எல்லா இடத்திலும் ஸ்பீக்கரில் தேசம்மாதான். அவர் ஒரு நாளும் போகாத தெருக்களில் அவர் குரல் போய்வந்தது.

சங்கரா வாங்கிய காலை

அடுத்த வருடம் தேசம்மாவின் தொண்டை கட்டத் தொடங்கியது. ஐஸ் மீனைத் தொட்டுத் தொட்டு வந்த சளி என்றார். மிளகுக் கஷாயம் குடித்தார். வாரங்கள் போயும் சரியாகவில்லை. மகன் சேகர் காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். கரைக்கு வந்ததும் அம்மாவைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

ஒரு காலை சங்கரா மீன் வாங்கப் போனேன். தேசம்மா மீனைச் சுத்தம் செய்துகொண்டே, கரகரத்த குரலில், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்:

“கழுத்துல ஓட்ட போடுவாங்களாம். அது வழியா மூச்சு வுடணுமாம். பேச்சு வராதாம்.”

டாக்டர்கள் வேறு வழி பார்க்கமாட்டார்களா என்று கேட்டேன். அவர் மீனைக் கழுவிப் பையில் போட்டார்.

“உசுரு இருந்தாப் போதும். சேகர் கடலுக்குப் போயிட்டு வந்தா வூட்டுல ஒரு ஆளு இருக்கணும்ல.”

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது கழுத்தில் மெல்லிய துணியைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது. பிறகு ஞாபகம் வந்தவர்போல் உதட்டை மூடிக்கொண்டார்.

அவர் வீடு திரும்பிய வாரம் வண்டி வழக்கம்போல் அந்தத் தெருவுக்குள் திரும்பியது. சேகர் நடுத்தெருவில் வந்து நின்றார். கோபமாக நிற்கவில்லை. பாபு உடனே ஸ்பீக்கரை நிறுத்தினார்.

“மேடம், தப்பா நென்ச்சிக்காதீங்க. அம்மா உள்ள படுத்துகினு கீது. வாயத் தொறந்தா ஒண்ணும் வரல. வெளிய தெருவுல அதும் குரல் கூவிகினு போவுது. எங்களால முடியல.”

அன்றே எல்லா வண்டிகளிலும் அந்த ஒலிப்பதிவை நிறுத்தச் சொன்னேன். அசிஸ்டன்ட் இன்ஜினீயரிடம் காரணத்தைச் சொன்னபோது அவர் உடனே ஒப்புக்கொண்டார். பழைய ‘அன்பார்ந்த பொதுமக்களே’ திரும்ப வந்தது. ஜனங்கள் பழக்கத்தில் கொஞ்ச நாள் வந்தார்கள். பிறகு குறைந்தார்கள். சில தெருக்களில் வண்டியைப் பார்த்து, ‘அந்த அம்மா எங்க?’ என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள். கிடங்கில் இடம் காலியாகிக்கொண்டே வந்தது. திரைகள் குறைந்தபோது ரயிலும் சிறுத்துப்போனது.

ஸ்பீக்கரின் மேல் வைத்த கை

ஒரு சாயங்காலம் கிடங்குக்கு தேசம்மா வந்தார். சேகர் பின்னால் நின்றார். ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டிலிருந்து இவ்வளவு தூரம் அவர் நடந்து வந்தது அதுதான் முதல் தடவை. மெலிந்திருந்தார். நேராக வண்டிக்குப் போய் ஸ்பீக்கரைத் தட்டினார். என்னைப் பார்த்து, ஏன் என்பதுபோல் கையை விரித்தார்.

நான் சேகரைப் பார்த்தேன். சேகர் தலையைக் குனிந்துகொண்டார். உங்கள் குரல் போவது வீட்டில் எல்லோருக்கும் வலிக்கிறது, அதனால் நிறுத்திவிட்டேன் அக்கா என்றேன். அவர் போடு என்று விரலால் காட்டினார். பாபு தயங்கி என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன்.

குரல் வந்தது. கூடவே அந்த மத்தியானத்துக் கடலும் வந்தது. தேசம்மா குழாயின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடி, அது அதிர்வதைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு அவர் உதடும் கூடவே அசைந்தது. குரல் முன்னால், உதடு ஒரு நொடி பின்னால். போகப் போக இரண்டும் சேர்ந்துகொண்டன. அப்போது பார்க்கிறவர்களுக்கு அவர்தான் பேசுகிறார் என்று தோன்றியிருக்கும். எனக்கு அப்படித்தான் தோன்றியது. அஞ்சலை வாசலுக்கு வெளியே போய்விட்டார்.

முடிந்ததும் தேசம்மா மகனைப் பார்த்து உதட்டை அசைத்து ஏதோ சொன்னார். சேகருக்கு அதற்குள் உதட்டைப் படிக்கத் தெரிந்திருந்தது. எங்களுக்கு அவர் எடுத்துச் சொன்னார்.

“‘நான்தான் வூட்டுக்குள்ள கம்முனு கெடக்கறேன். அது ஒண்ணாவது தெருவுல சுத்திகினு இருக்கட்டும்’ங்குது, மேடம்.”

அடுத்த நாளே குரல் தெருவுக்குத் திரும்பியது. முதல் வாரம் குப்பத்துக்குள் போகும்போது நானும் வண்டியோடு நடந்தேன். தேசம்மா வாசலுக்கு வந்து நின்றார். வண்டி கடந்து போகும்வரை உதடு அசைந்தது. பிறகு தன்பாட்டுக்கு உள்ளே போனார். சேகரும் கரையில் இருக்கும் நாட்களில் அம்மாவின் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார்.

இரண்டாவது குரல்

சில மாதங்கள் கழித்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ஒரு கருவி கொடுத்தார்கள். டார்ச் லைட் மாதிரி கையடக்கமானது. பேட்டரியில் ஓடும். கழுத்தில் அழுத்திக்கொண்டு உதட்டை அசைத்தால் பேச்சு வரும். ஏற்ற இறக்கமில்லாத, தகரத்தில் வண்டு போகிற மாதிரி ஒரு பேச்சு. அதை வைத்துக்கொண்டு அவர் என்னிடம் முதலில் சொன்னது, “எஸ்.ஐ. அம்மா, சங்கரா கீது.” திரும்பவும் மீன் விற்க உட்கார்ந்துவிட்டார். வாடிக்கைக்காரர்கள் ஒரு வாரம் திகைத்தார்கள். பிறகு அந்தக் குரலோடும் பேரம் பேசத் தொடங்கினார்கள். ஒரே தெருவில், ஒரே மனுஷிக்கு இரண்டு குரல். ஒன்று வண்டியில் வரும், இன்னொன்று தெருமுனையில் உட்கார்ந்திருக்கும். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை.

கடல் ஓரத்தில் எந்த மின்சாதனமும் அதிக நாள் தாங்காது. ஒரு வருடத்துக்கும் மேல் உழைத்த அந்தக் கருவியை உப்புக் காற்று தின்றுவிட்டது. சேகர் அலைந்து ஆஸ்பத்திரியில் வேறொன்று வாங்கிவந்தார். நான் ஓய்வு பெறப் போகிற மாதம் அது. வண்டி அந்தத் தெருவில் நின்றிருந்தபோது தேசம்மா பழைய கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஸ்பீக்கரில் அவர் குரல் ஓடிக்கொண்டிருந்தது. எடுத்து வந்து கொடு என்று தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் அவர் கொடுக்க முடியாமல் நின்றார். கட்டைவிரல் பட்டனைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அந்த இடத்தில் பெயின்ட் போய் உலோகம் தெரிந்தது. மற்றவர்கள் அவருக்குப் பின்னால் தங்கள் சாமான்களோடு காத்திருந்தார்கள். ஒருவரும் நகரச் சொல்லவில்லை.

புதிய கருவியைக் கழுத்தில் வைத்துக் கேட்டார்: “இத்த இன்னா பண்ணுவீங்க?”

பேட்டரியைத் தனியாக எடுப்போம், மேல்கூட்டை நொறுக்குவார்கள், உள்ளே இருக்கும் போர்டு ஆலைக்குப் போய் அதிலிருந்து செம்பும் மற்றதும் பிரித்து எடுப்பார்கள், அது வேறு ஏதாவது சாமானாகும் என்றேன். பொய் சொல்லவில்லை, கூட்டியும் சொல்லவில்லை.

அவர் பழைய கருவியைத் திருப்பிப் பார்த்தார்.

“எதுனா பேசற சாமானா ஆவட்டும்” என்றார்.

நான் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதை என் உள்ளங்கையில் வைத்தார், ஆனால் விரலை எடுக்கவில்லை. இரண்டு பேர் கையும் அதன் மேல் இருந்தன. பிறகு அவரே விரலை எடுத்தார். எடுத்து, முந்தானையில் துடைத்துக்கொண்டு, மீன் கூடை பக்கம் போனார். அஞ்சலை பேட்டரியைக் கழற்றி முனைகளில் டேப் ஒட்டினார். கருவியை போன்களோடு போடாமல், அவராகவே ஒரு சின்னத் துணியில் சுற்றி வண்டிக் கூடையின் ஓரத்தில் வைத்தார்.

இப்போது புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சில சமயம் என்னைக் கூப்பிட்டுப் பேசச் சொல்கிறார்கள். மணல் வாளியைப் பற்றிச் சொல்கிறேன், டேப்பைப் பற்றிச் சொல்கிறேன். அதோடு ஒன்று சொல்கிறேன். வாங்கும்போது இரண்டு கையாலும் வாங்குங்கள். கனமான டிவி நழுவாது, பேட்டரி விழாது, அது ஒரு காரணம். கொடுப்பவர் விரல் இன்னும் அதன் மேல் இருந்தால் இழுக்காதீர்கள், அதுதான் முக்கியம். அவர்களுடைய கை தானாக விலகட்டும். அதற்கப்புறம்தான் அது நம்முடைய கழிவு.